ஃப்ரீசிவ் விளையாட்டில் எமில்லே மணியை உலக அதிசயமாகச் சேர்ப்பது எப்படி?

ஃப்ரீசிவ் என்பது நாகரிகங்களைக் கட்டி வளர்க்கும் இலவசக் கணினி விளையாட்டு. அதில் உலக அதிசயம் என்பது சிறப்புப் பலன் தரும் கட்டடம். எமில்லே மணி, தென்கொரியாவின் கியோங்ஜு அருங்காட்சியக வளாகத்தில் தொங்கும் வெண்கல மணி. பழைய கொரிய அரசான சில்லாவின் அரசர் கியோங்டொக் தன் தந்தை சொங்டொக்கின் நினைவாக வார்க்கச் சொன்னார். வேலை முடிந்தது அவர் மகன் ஹியேகோங் காலத்தில், 771-இல். எடை 18.9 டன். உச்சியில் ஒரு டிராகன், அதை ஒட்டி ஒலிக்குழாய், பக்கவாட்டில் பறக்கும் தேவகன்னியர். உள்ளே நாக்கு கிடையாது. தொங்கவிட்ட மரக்கட்டையால் தாமரைப் பதக்கத்தில் அடித்து ஒலிக்கச் செய்தார்கள். 168 ஹெர்ட்ஸுக்கு அருகில் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் இரண்டு ஒலிகள் சேர்ந்து எழுவதால், நாதம் சுமார் 9 நொடிக்கு ஒருமுறை தணிந்து மறுபடி எழும். இப்படிப்பட்ட மணிக்குப் படைபலத்தைக் கூட்டும் பலன் பொருந்தாது. மக்களின் அதிருப்தியைத் தணிப்பதே பொருத்தம்.

ஃப்ரீசிவின் விதிகள் எல்லாம் சாதாரண உரைக் கோப்புகள், நோட்பேட் போதும். கீழே தமிழில் எழுதியுள்ள பெயர்களைக் கோப்புக்குள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

1. டேட்டா கோப்புறையில் உள்ள 'கிளாசிக்' கோப்புறையை நகலெடுத்து 'எமில்லே' என்று பெயரிடுங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள்.

2. 'பில்டிங்ஸ்.ரூல்செட்' கோப்பைத் திறந்து, ஆட்டத்தில் ஏற்கெனவே உள்ள அதிசயமான மைக்கலேஞ்சலோ சேப்பலின் பகுதியை முழுதாக நகலெடுத்துக் கீழே ஒட்டுங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் பகுதிப் பெயரை 'பில்டிங்_எமில்லே_பெல்' என்றும், 'நேம்' வரியில் உள்ள பெயரை 'எமில்லே பெல்' என்றும் மாற்றுங்கள். பகுதிப் பெயரை மாற்ற மறந்தால் ஒரே பெயரில் இரண்டு பகுதிகள் நிற்கும்.

3. 'ஜீனஸ்' வரியில் 'கிரேட்வொண்டர்' இருக்கட்டும்: உலகத்துக்கே ஒன்று. 'ஸ்மால்வொண்டர்' என்றால் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒன்று கட்டிவிடுவார்.

4. 'ரெக்ஸ்' வரியில் ஒரே ஒரு தொழில்நுட்ப நிபந்தனை போதும்: 'ஃபிலாசஃபி'. வெண்கல மணிதானே என்று 'பிரான்ஸ் வொர்க்கிங்' போடத் தோன்றும். அது ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கிடைத்துவிடும். 8-ஆம் நூற்றாண்டு மணி பிரமிடுக்குப் போட்டியாக எழும்.

5. படம் வரையத் தெரியாவிட்டால் 'கிராஃபிக்' வரியை அப்படியே விடுங்கள். சேப்பலின் படமே வரும். 'பில்ட்_காஸ்ட்' (கட்டும் செலவு) மதிப்பையும் முதலில் தொட வேண்டாம்.

6. இதுவரை மணி இருக்கிறது, பலன் இல்லை. பலன் 'எஃபெக்ட்ஸ்.ரூல்செட்' கோப்பில் எழுதப்படுகிறது. புதிய பகுதி ஒன்று: வகை 'மேக்_கன்டென்ட்', மதிப்பு 1. நிபந்தனைகள் இரண்டு: கட்டடம் 'எமில்லே பெல்', எல்லை 'பிளேயர்'; கட்டடம் 'டெம்பிள்' (கோயில்), எல்லை 'சிட்டி'. இப்போது மணி உங்களுடையதாக இருக்கும்வரை, கோயில் உள்ள உங்கள் ஒவ்வொரு நகரிலும் கூடுதலாக ஒரு குடிமகனின் அதிருப்தி தணியும். முதல் எல்லையையும் 'சிட்டி' என்று போட்டுவிட்டால், மணி நிற்கும் ஊருக்கு மட்டும்தான் பலன்.

பெரும்பாலும் இங்கேதான் தடுக்கும். 'நேம்' வரியில் பெயருக்கு முன் அடிக்கோடும் வட்ட அடைப்புக்குறியும் உண்டு. அது மொழிபெயர்ப்புக்கான குறி. எஃபெக்ட்ஸ் கோப்பில் அது வரக்கூடாது, மேற்கோள்குறிக்குள் வெறும் பெயர் மட்டுமே. எழுத்து ஒன்று மாறினாலும் சர்வர் விதித்தொகுப்பை ஏற்க மறுக்கும். பிழைச் செய்தியில் கோப்பின் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

7. புதிய ஆட்டம் தொடங்கும் முன், அரட்டை வரியில் சாய்கோடு போட்டு 'ரூல்செட்டிர்', ஓர் இடைவெளி, கோப்புறையின் பெயர் என்று தட்டுங்கள். பழைய சேமிப்பில் சோதிக்காதீர்கள். அது பழைய விதிகளோடு சேமிக்கப்பட்டது.

சோதிக்க இரண்டு நகரங்கள் போதும்: ஒன்றில் கோயில், மற்றொன்றில் இல்லை. மணி கட்டி முடிந்த அடுத்த சுற்றில் இரண்டின் மகிழ்ச்சிப் பட்டியலையும் ஒப்பிடுங்கள். எதிரிகள் போட்டி போட்டு உங்களுக்கு முன்பே மணியை முடித்துவிட்டால் விலை குறைவு என்று பொருள். 'பில்ட்_காஸ்ட்' மதிப்பைப் பத்துப் பத்தாகக் கூட்டிப் பாருங்கள்.