ஜெர்மனி மாப்ள கெடைச்சாச்சா? ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி உங்க பேர்ல என்ன இருக்குன்னு பாருங்க

நங்கநல்லூர்ல எங்க பில்டிங்ல போன மாசம் ஒரு நிச்சயதார்த்தம். மாப்ள ம்யூனிக்ல ஐடி, பொண்ணு சோழிங்கநல்லூர்ல ஒரு கம்பெனில டெஸ்டிங், வந்தவங்க எல்லாரும் மாப்ள சம்பளத்தை யூரோல சொல்லி நூறால பெருக்கி வாயப் பொளந்துட்டு இருந்தாங்க. பொண்ணோட அம்மா என்கிட்ட வந்து, "நீதான் ஒம்பது வருஷம் அங்க இருந்தியேம்மா, இவளுக்கு என்னென்ன எடுத்து வைக்கணும்னு ஒரு லிஸ்ட் குடேன்"னாங்க. அவங்க கேட்டது புளி, சாம்பார் பொடி, குக்கர் கேஸ்கட்டு. நான் குடுத்த லிஸ்ட் வேற. அதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா வருஷத்துக்கு நாலு பொண்ணாவது இதே கேள்வியோட வருது, எனக்கும் ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்குது.

ஐரோப்பாவுல ஏது வறுமைன்னு கேப்பீங்க. 2023 கணக்குப்படி ஐரோப்பிய யூனியன்ல வறுமைலயோ சமூகத்துல ஒதுக்கப்படற நிலைலயோ விழுற ஆபத்துல இருக்கற பொம்பளைங்க 22.4%, ஆம்பளைங்க 20.3%. ரெண்டு பர்சன்ட்தானே வித்தியாசம்னு தோணும். ஆனா அந்த கணக்கை எப்படி எடுக்கறாங்கன்னு பாருங்க. வருமான வறுமைன்னா வீட்டோட மொத்த வருமானத்தை ஆள் கணக்குக்கு பிரிச்சு, நாட்டோட நடுமட்ட வருமானத்துல 60%க்கு கீழ வந்தாதான் ஏழை. வீட்டுக்குள்ள வர்ற காசு எல்லாருக்கும் சமமா போய்ச் சேருதுன்னு அவங்களே வச்சுக்கறாங்க. அதாவது புருஷன் மாசம் 5,000 யூரோ வாங்கினா, பொண்டாட்டி அக்கவுண்ட்ல பத்து யூரோ இல்லேன்னாலும் கணக்குல அவ ஏழை கிடையாது. டிவோர்ஸ் ஆனாலோ அவர் போய்ச் சேர்ந்தாலோதான் அவ தனியா கணக்குல வருவா, அப்ப பாத்தா திடீர்னு ஏழை.

நான் அந்த பத்து யூரோ பொம்பளையா ரெண்டு வருஷம் இருந்திருக்கேன். என் வீட்டுக்காரர் நல்லவர்தான், இன்னிக்கும் காலைல காபி அவர்தான் போடுவார். என்கிட்ட இருந்தது அவர் அக்கவுண்டோட ரெண்டாவது கார்டு. ஒரு தடவை அவர் வேலை விஷயமா வேற ஊருக்கு போன இடத்துல பர்ஸை தொலைச்சுட்டு மொத்தத்தையும் பிளாக் பண்ணிட்டார், என்கிட்ட சொல்ல மறந்துட்டார். நான் ரெண்டு வயசு பையனை தள்ளுவண்டில வச்சுகிட்டு சூப்பர்மார்க்கெட் கவுண்டர்ல நிக்கறேன், கார்டு ஓடல. பையில சில்லறை எல்லாம் சேத்து பதினோரு யூரோ. பாலும் டயப்பரும் வச்சுகிட்டு அரிசி, தயிர், வெங்காயம் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா திருப்பி வைக்கறேன், கவுண்டர்ல இருந்த பொண்ணு பில்லை கேன்சல் பண்ண சூப்பர்வைசரை கூப்பிட்டு "ஷ்டோர்னோ!"ன்னு கத்துது, பின்னாடி க்யூல எட்டு பேர். எனக்கு அந்த வார்த்தை அன்னிக்குத்தான் தெரியும், இன்னும் மறக்கல.

அதனால முதல் வேலை, போன முதல் மாசமே உங்க பேர்ல தனியா ஒரு அக்கவுண்ட். ஜாயிண்ட் அக்கவுண்ட் இருந்தா இருக்கட்டும், இது அதுக்கு மேல. சட்டப்படி அங்க தங்கியிருக்கற யாருக்கும் ஒரு பேசிக் அக்கவுண்ட் குடுத்தே ஆகணும்னு ஜெர்மனில 2016லேர்ந்து சட்டம் இருக்கு, வருமானம் இல்லேன்னு சொல்லி திருப்பி அனுப்ப முடியாது. அட்ரஸ் ரெஜிஸ்டர் பண்ண பேப்பரையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துட்டு போங்க. மாசாமாசம் ஒரு தொகை அதுல வரட்டும்னு மாப்ளகிட்ட கல்யாணத்துக்கு முன்னாடியே பேசிடுங்க. கூச்சமா இருக்கும்தான். கேட்டரிங்காரர்கிட்ட இலைக்கு எவ்ளோன்னு பேரம் பேசும்போது வராத கூச்சம் இதுல மட்டும் எதுக்கு?

இங்க விட்டுட்டு போற விஷயமும் இருக்கு. சம்பள அக்கவுண்டை என்ஆர்ஓவா, அதாவது வெளிநாட்டுல குடியிருக்கறவங்களுக்கான அக்கவுண்டா மாத்தணும். பிபிஎஃப் ஏற்கனவே இருந்தா மெச்சூர் ஆகற வரைக்கும் ஓட்டலாம், வெளிநாட்டுக்கு போனப்புறம் புதுசா தொடங்க முடியாது. நகை லாக்கர் உங்க பேர்ல இருக்கட்டும், மாமியார் பேர்ல இருக்கற லாக்கர்ல "சேத்து வச்சுக்கலாம்"னு சொன்னா சிரிச்சுகிட்டே பேச்சை மாத்துங்க.

இப்ப வேலை. ப்ளூ கார்டுல, அதாவது நல்ல படிப்பும் சம்பளமும் இருக்கறவங்களுக்கு குடுக்கற வேலை பெர்மிட்ல இருக்கறவரோட மனைவின்னா போன உடனே வேலை பாக்க அனுமதி உண்டு, பெர்மிட்லயே எழுதியிருக்கும், படிச்சு பாருங்க. விசாவுக்கு ஏ1ங்கற ஆரம்ப லெவல் ஜெர்மன் கூட கேக்க மாட்டாங்க. அங்கதான் நம்மாளுங்க ஏமாறுறது, கேக்கலேன்னதும் படிக்கறதே இல்ல. நிச்சயத்துக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல ஆறு மாசம் கெடைச்சா மேக்ஸ் முல்லர் பவன்லயோ வேற எங்கயோ ஏ2 வரைக்குமாவது முடிச்சுட்டு போங்க, குழந்தை வந்தப்புறம் வினைச்சொல் மனப்பாடம் பண்றதெல்லாம் நடக்காது. டிகிரி செல்லுமான்னு அனபின்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, அதுல உங்க காலேஜையும் கோர்ஸையும் தேடிப் பாருங்க. நர்ஸ், டாக்டர்னா தனியா அங்கீகாரம் வாங்கணும். டீச்சருக்கு அங்க பொதுவா ரெண்டு சப்ஜெக்ட் கேப்பாங்க, இங்க கணக்கு மட்டும் எடுத்தவங்களுக்கு அது பெரிய தலைவலி.

இன்டர்வியூல சென்னைல எவ்ளோ வாங்கினீங்கன்னு கேட்டா சொல்லிடாதீங்க, அதை யூரோவுக்கு மாத்தி அதுக்கு மேல கொஞ்சம் போட்டு குடுத்துடுவாங்க. ஐரோப்பிய யூனியன் 2023ல சம்பள வெளிப்படைச் சட்டம் ஒண்ணு கொண்டு வந்துச்சு, பழைய சம்பளத்தை கேக்கவே கூடாது, சம்பள ரேஞ்சை முன்கூட்டியே சொல்லணும். நாடுங்க அதை சொந்த சட்டமா ஆக்கறதுக்கு குடுத்த கெடு ஜூன் 2026. ஜெர்மனில 2024ல ஒரு மணி நேர சம்பளத்துல ஆணுக்கும் பெண்ணுக்கும் 16% வித்தியாசம், அதனால நீங்க ஒருத்தர் கம்மியா கேட்டு யாருக்கும் புண்ணியம் இல்ல.

அடுத்தது ஷ்டொயர்கிளாஸ. வரி வகுப்பு. நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். கல்யாணம் ஆனவங்க மூணு-அஞ்சு, இல்லேன்னா நாலு-நாலுன்னு எடுக்கலாம். மூணு-அஞ்சுல அதிகம் சம்பாதிக்கறவருக்கு மூணு, வரி கம்மியா புடிப்பாங்க, கம்மியா சம்பாதிக்கறவங்களுக்கு அஞ்சு, போட்டு தாளிச்சிடுவாங்க. என் முதல் சம்பளம் 1,800 யூரோ, கைக்கு 1,200 கூட வரல, "இதுக்கா குழந்தைய விட்டுட்டு போற?"ன்னு போன்ல எங்க அம்மாவே கேட்டாங்க. வருஷக் கடைசில கணக்கு தாக்கல் பண்ணும்போது ரெண்டு பேரோட மொத்த வரி ஒண்ணுதான், மூணு-அஞ்சு எடுத்தாலும் நாலு-நாலு எடுத்தாலும். மாறுறது மாசாமாசம் யார் கைல காசு வருதுங்கறதுதான். அது மட்டும்னா பரவால்ல, பிரசவத்துக்கப்புறம் குழந்தைய பாத்துக்க அரசாங்கம் குடுக்கற எல்டர்கெல்ட், வேலை போனா வர்ற காசு, ரொம்ப நாள் உடம்பு முடியாம போனா வர்ற காசு எல்லாமே உங்க கைச்சம்பளத்தை வச்சுதான் போடுறாங்க. எல்டர்கெல்ட் பொதுவா கைச்சம்பளத்துல 65%லேர்ந்து 67%, குறைஞ்சது 300, அதிகபட்சம் 1,800 யூரோ. அஞ்சாம் வகுப்புல இருந்தா அதுலயும் அடி.

அதனால ரெண்டு பேரும் வேலைல இருந்தா நாலு-நாலு, இல்லேன்னா ஃபேக்டரோட நாலு-நாலு கேளுங்க, அதுல அவங்கவங்க சம்பளப் பங்குக்கு ஏத்த மாதிரி வரி புடிப்பாங்க. குழந்தைக்கு ப்ளான் பண்றீங்கன்னா மகப்பேறு லீவு தொடங்குற மாசத்துக்கு ஏழு மாசம் முன்னாடியே வகுப்பை மாத்தியிருக்கணும். லீவு பிரசவ தேதிக்கு ஆறு வாரம் முன்னாடி தொடங்கும், கூட்டிக் கழிச்சு பாருங்க, டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்து வீட்ல கேசரி கிண்டுறதுக்குள்ள கெடு முடிஞ்சிருக்கும். ரெண்டு கோடு வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுங்கன்னு சொல்றேன், அவ்ளோதான்.

அடுத்தது மினிஜாப், மாசச் சம்பளம் ஒரு வரம்பை தாண்டாத சின்ன பார்ட் டைம் வேலை. 2025ல மாசம் 556 யூரோ வரைக்கும், 2026ல 603. வரித் தொல்லை கெடையாது, கைல முழுசா வருது, அதனால நம்ம பொண்ணுங்க ஆசையா போய் மாட்டிக்கறாங்க. வேலை போனா பத்து பைசா வராது, இன்ஷூரன்ஸ் புருஷனோட பாலிசில ஒட்டிகிட்டு இருக்கறது, டிவோர்ஸ் ஆனா அதுவும் போச்சு. ஒரு வருஷம் முழுக்க மினிஜாப் பாத்தா வயசான காலத்துல மாசம் அஞ்சாறு யூரோ பென்ஷன் கூடும். ஒரு ஃபில்டர் காபியும் ஒரு கேக்கும். சேரும்போது "பென்ஷனுக்கு புடிக்க வேணாம்"னு ஒரு ஃபார்ம் நீட்டுவாங்க, 3.6% மிச்சமாகும்னு கையெழுத்து போட்டுடாதீங்க. அந்த காசை கட்டினாதான் அந்த மாசங்கள் பென்ஷன் வருஷக் கணக்குல முழுசா ஏறும்.

ஜெர்மனில எங்க மாடில ஒரு பாட்டி இருந்தாங்க, எழுபத்தி நாலு வயசு, மூணு பிள்ளைங்கள வளத்தவங்க. சாயங்காலமானா ட்ராலி பேக்கை இழுத்துகிட்டு ஸ்டேஷன் பக்கம் போவாங்க, காலி பாட்டில் பொறுக்க, ஒரு ப்ளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட். நான் முதல்ல ஏதோ சுத்தம் பாக்கற பொழுதுபோக்குன்னு நெனச்சேன். மேற்கு ஜெர்மனில 1977 வரைக்கும், குடும்பக் கடமைக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்குத்தான் மனைவி வேலைக்கு போகலாம்னு சட்டத்துலயே இருந்துச்சாம். அவங்க போகல. ஐரோப்பிய யூனியன் முழுக்கவே பொம்பளைங்களோட பென்ஷன் ஆம்பளைங்களோடத விட ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு கம்மி, அந்த பாட்டி மாதிரி எத்தனை பேரோ.

பென்ஷன் வாங்க குறைஞ்சது அஞ்சு வருஷம் வேணும். 1992லேர்ந்து பொறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூணு வருஷம் வளத்தவங்க கணக்குல ஏறும், 2025 ரேட்டுக்கு மாசம் 120 யூரோ கிட்ட. ஆனா நீங்க எழுதிக் குடுத்து ஏத்திக்கணும், தானா ஏறாது. ரெண்டு குழந்தைன்னா அதுலயே அஞ்சு வருஷம் தாண்டிடும். உங்க பென்ஷன் நம்பர் எழுதின லெட்டரை, இந்தியாவுக்கு நிரந்தரமா திரும்பினாலும், தூக்கி போடாதீங்க.

இங்கதான் நம்ம வழக்கம் ஒண்ணு இடிக்குது, தலைப்பிரசவம் அம்மா வீட்ல. வளைகாப்பு முடிச்சு ஏழாம் மாசம் இங்க வந்து, குழந்தைக்கு ஆறு மாசம் ஆகி தலை நின்னதும் போகலாம்னு பாட்டிமாருங்க சொல்வாங்க. எல்டர்கெல்ட், குழந்தை வளத்த பென்ஷன் வருஷம் ரெண்டுமே அங்க குடியிருந்து வளத்தாதான். அதோட பெர்மிட். ஆறு மாசத்துக்கு மேல ஜெர்மனிக்கு வெளிய இருந்தா பொதுவா பெர்மிட் காலாவதி ஆயிடும், ப்ளூ கார்டு குடும்பத்துக்கு 12 மாசம். அதுக்கு பதிலா அம்மாவ விசிட்டர் விசால கூப்பிட்டுக்கோங்க, 90 நாள், பத்தியச் சமையலும் ஆச்சு, காசும் போகல. உங்க அம்மா ஒத்துக்க கொஞ்சம் நாள் ஆகும், எங்கம்மாக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

குழந்தைக்கு ஒரு வயசானா கீட்டாங்கற குழந்தை காப்பகத்துல இடம் கேக்க 2013லேர்ந்து சட்டப்படி உரிமை இருக்கு. உரிமைதான் இருக்கு, இடம் இருக்காது. கர்ப்பமா இருக்கும்போதே பேர் குடுத்து வைங்க, எல்கேஜி அப்ளிகேஷனுக்கு விடிகாலைல க்யூ நின்ன ஊர்க்காரங்க நாம, பழக்கம்தான்.

லண்டன் மாப்ளன்னா ரெண்டே விஷயம். சைல்ட் பெனிஃபிட்டை, புருஷன் சம்பளம் அதிகம்னு காசு வேணாம்னாலும், வீட்ல இருக்கறவங்க பேர்ல க்ளெய்ம் பண்ணி வைங்க, குழந்தைக்கு 12 வயசு ஆகற வரைக்கும் பென்ஷன் வருஷம் ஏறும், முழு பென்ஷனுக்கு 35 வருஷம் வேணும். இன்னொண்ணு, ஸ்பவுஸ் விசால அரசு உதவிப் பணம் பொதுவா கெடையாது, அதனால கைல தனிக் காசு இன்னும் அவசியம்.

கடைசியா யாரும் நிச்சயதார்த்த வீட்ல பேச விரும்பாதது. பாஸ்போர்ட்டும் பெர்மிட் கார்டும் உங்க பைலதான் இருக்கணும், "பத்திரமா வைக்கறேன்"னு யார் கேட்டாலும். ஜெர்மனில மூணு வருஷம் சேந்து வாழ்ந்திருந்தா பிரிஞ்சாலும் உங்களுக்கு தனியா தங்க உரிமை கேக்கலாம், அடிதடின்னா மூணு வருஷம் ஆகலேன்னாலும் கேக்கலாம். டிவோர்ஸ் ஆனா கல்யாண காலத்துல ரெண்டு பேரும் சேத்த பென்ஷன் பாயிண்ட்டை பாதி பாதி பிரிப்பாங்க, மூணு வருஷத்துக்குள்ள முடிஞ்ச கல்யாணம்னா நீங்களே கேட்டாதான். அப்பா காசு குடுக்கலேன்னா குழந்தைக்கு அரசாங்கம் முன்பணமா குடுக்கும். அடி, மிரட்டல் எதுன்னாலும் 116 016, நாள் முழுக்க, இலவசம், பேர் சொல்ல வேணாம், மொழிபெயர்ப்பாளரையும் லைன்ல போடுவாங்க. நம்பரை வேற பேர்ல சேவ் பண்ணிக்கோங்க, நான் "தையல் அக்கா"ன்னு வச்சிருந்தேன், ஒரு தடவை பக்கத்து வீட்டு பொண்ணுக்காக அடிச்சேன்.

எங்க பில்டிங் பொண்ணு இதையெல்லாம் நோட்டுல எழுதிகிட்டு, "அக்கா, நாலு-நாலு பத்தி அவர்கிட்ட கேட்டேன், அவருக்கே தெரியல, பாக்கறேன்னார்"னுச்சு. சர்டிஃபிகேட், மார்க் ஷீட், கல்யாண பதிவு, பர்த் சர்டிஃபிகேட் எல்லாம் மூணு செட் ஜெராக்ஸ் எடுத்திருக்கு, ஒண்ணு ஸ்கேன் பண்ணி தன் மெயில்ல, ஒண்ணு பெட்டில, ஒண்ணு அவங்க அம்மா பீரோல பட்டுப்புடவைக்கு அடில. அவங்க அம்மா மட்டும் இன்னும் என்னை மொறைச்சுகிட்டே, ஆனாலும் குக்கர் கேஸ்கட்டு எத்தனைன்னு கேட்டாங்க. மூணுன்னேன்.