இந்தியில் 'உபயோகமில்லை' என்று சொல்ல ஒரே சொல்

டெல்லிக் கடைக்காரரிடம் ஒரு பொருள் எதற்கும் உதவாது என்று சொல்ல வேண்டுமா? 'பேகார்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'யே சார்ஜர் பேகார் ஹை', அவ்வளவுதான்.

'கிஸீ காம் கா நஹீன்' என்றும் சொல்லலாம். ஆனால் அதில் நம்மவர்களைப் படுத்தும் ஆண்பால் பெண்பால் தொல்லை உண்டு. சார்ஜர் ஆண்பால், அதனால் 'கா'. சாவி, அதாவது 'சாபி', பெண்பால், அதனால் 'கீ'. ஒரு ஜோடி ஷூ, அதாவது 'ஜூதே', ஆண்பால் பன்மை, அதனால் 'கே'. 'பேகார்' எதோடு சேர்ந்தாலும் மாறாது. பாரசீகத்தில் 'பே' என்றால் இல்லாத, 'கார்' என்றால் வேலை. இந்த 'பே' நமக்கும் பழக்கம்தான்: பெயர் இல்லாதது என்ற பொருளுள்ள 'பேநாமி'தான் தமிழில் பினாமி ஆனது. இதைப் பிடித்துவிட்டால் 'பேகர்' வீடில்லாதவர், 'பேஹோஷ்' நினைவில்லாதவர் என்று மற்றவையும் தானே விளங்கும்.

வீண் அலைச்சலுக்கும் இதுவே உதவும்: 'பேகார் மேன் ஆயே', வீணாக வந்தோம்.

பால் திரிந்துவிட்டாலோ மிக்ஸி பழுதானாலோ இது சரிவராது. அங்கே 'கராப்' என்பதே வழக்கம். மனிதர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் கவனம். 'வோ பேகார் ஹை' என்றால் வேலையில்லாமல் இருக்கிறார் என்றும் ஆகும், உதவாக்கரை என்றும் ஆகும். வேலை தேடுகிறவரைச் சொல்ல 'பேரோஸ்கார்' என்பதே மரியாதை.