வன்னிக் காட்டில் மழைநீரையும் மண்நீரையும் ஒப்பிட்டு அறியும் முறை

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரையான மாரியிலேயே கிடைப்பதால், காட்டு மண்ணில் ஊறும் நீரின் வேதியியலை ஆராய விரும்புபவர் செப்டெம்பர் முடிவதற்குள் கலங்களை நிறுத்திவிட வேண்டும். நீண்ட கோடையில் பாலை, வீரை மரங்களின் இலைகளில் படிந்த செம்மண் தூசியும் கடலுப்பும் முதல் மழைகளிலேயே கழுவப்பட்டுவிடும். அவற்றைத் தவறவிட்டால் அவ்வாண்டின் மிகச் செறிவான மாதிரிகள் கிடைக்கமாட்டா. காட்டுக்குள் இறங்கு முன் வனத் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுவதோடு, அவ்விடம் கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதில் எவ்விதத் தளர்வும் கூடாது.

மூன்று நீர்களைத் தனித்தனியே சேகரிக்க வேண்டும்: திறந்த வெளியில் பெய்யும் மழை, இலைகளின் ஊடாகச் சொட்டும் நீர், மண்நீர். முதல் இரண்டுக்கும் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் புனல் பொருத்திய பிளாஸ்டிக் போத்தல்கள் போதும். கண்ணாடியிலிருந்து சோடியம் கரையக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. புனலின் கழுத்தில் நைலோன் வலையும், பாசி பிடியாதிருக்கப் போத்தலைச் சுற்றி ஒளிபுகா உறையும் வேண்டும். இலைச்சொட்டு இடத்துக்கிடம் பெரிதும் மாறுவதால், மரங்களின் கீழ் பத்துப் புனல்களாவது வைக்க வேண்டும். பறவை எச்சம் விழுந்த மாதிரியைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

மண்நீருக்கு நுண்துளைப் பீங்கான் முனை கொண்ட குழாயே ஏற்றது. புதிய முனையை ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தாலும், பின்னர் காய்ச்சி வடித்த நீராலும் நன்கு கழுவி, குழாயை இறக்கத் தோண்டிய துளையிலிருந்து எடுத்த மண்ணையே குழைத்து அதைச் சுற்றி நிரப்ப வேண்டும். முனைக்கும் மண்ணுக்கும் இடையே வெளி இருந்தால் நீர் வராது. ஏறத்தாழ 50 கிலோபாஸ்கல் உறிஞ்சல் கொடுத்து மறுநாள் எடுக்கலாம். முதல் சில மாதிரிகளைக் கொட்டிவிட வேண்டும். கோடையில் எஞ்சியிருக்கும் நீரை மண் இறுகப் பிடித்துக்கொள்வதால் அக்காலத்தில் குழாய் வெறுமையாகவே இருக்கும்.

மின்கடத்துதிறனையும், நீரின் அமிலத் தன்மையைக் காட்டும் பீஎச் பெறுமானத்தையும் சேகரித்த அன்றே அளந்து, எஞ்சியதை வடிகட்டி 4 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். பீஎச் மின்வாயிலிருந்து பொற்றாசியம் குளோரைட்டு கசிவதால், அது தொட்ட நீரில் பொற்றாசியம், குளோரைட்டு ஆகிய இரு அயன்களையும் அளக்கவே கூடாது.

மாசற்ற மழைநீரும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைவதால் 5.6 அளவான பீஎச் காட்டும். தூசியிலுள்ள கல்சியம் அதனை உயர்த்தும். கடல்நீரில் சோடியம், குளோரைட்டு மூலக்கூற்று விகிதம் 0.86 ஆகும். வாடைக்காற்று கடலுப்பைக் கொண்டுவரும் முல்லைத்தீவுக் கரையோர மழை இதை ஒட்டியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். நெடுங்கேணிப் பக்கம் உள்ளே செல்லச் செல்ல உப்பின் அளவு குறையும். இலைச்சொட்டில் கூடியிருக்கும் பொற்றாசியத்தின் பெரும்பங்கு இலைகளிலிருந்தே வருகிறது.

இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி குளோரைட்டுதான். களிமண் அதனைப் பெரிதாகப் பிடித்துவைப்பதில்லை. மரங்களும் சிறிதளவே எடுக்கின்றன. இலைச்சொட்டில் லீற்றருக்கு 5 மில்லிகிராமாக இருந்தது மண்நீரில் 20 ஆனால், உள்ளிறங்கிய நீரில் ஏறத்தாழ முக்கால் பங்கை வேர்களும் வெயிலும் எடுத்துவிட்டன என்று கொள்ளலாம். கல்சியமும் குளோரைட்டைப் போலவே நான்கு மடங்காகி 2 இலிருந்து 8 ஆக உயர்ந்தால் அது நீர் குறைந்ததால் வந்த வெறும் செறிவேற்றமே; 15 ஆக உயர்ந்தால் மிகுதி 7 மண்ணிலிருந்து வந்தது. வேர்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டு காபனிக்கமிலமாகிக் கனிமங்களைக் கரைப்பதும், களித்துணிக்கைகள் தாங்கிய கல்சியத்தை வேறு அயன்கள் இடம்பெயர்ப்பதும் இதற்குக் காரணங்கள். பொற்றாசியத்தின் உயர்வு நான்கு மடங்கை எட்டாவிட்டால், வேர்கள் உறிஞ்சியிருக்கலாம், அல்லது களி பிடித்திருக்கலாம். காய்ந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் பெருகுவதால், மாரியின் தொடக்கத்தில் நைத்திரேற்று திடீரென உயர்வது இயல்பே.

இக்கணிப்பை ஒரு நாள் மாதிரியைக் கொண்டு செய்யாமல், ஒவ்வொரு மழையின் செறிவையும் அதன் கனவளவால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கனவளவால் வகுத்துப் பெறும் பருவச் சராசரியைக் கொண்டே செய்ய வேண்டும்.