சிசுவின் நெஞ்சில் ஸ்கேன் புரோப்பை வைக்கும்போது

பொத்துவில் பக்கம் பிறந்து, சுவாசக் குழாயுடன் அம்புலன்ஸில் மட்டக்களப்புக்கு வந்துசேரும் ஒரு குறைமாதக் குழந்தையின் ஒட்சிசன் அளவு திடீரென இறங்கினால், எக்ஸ்ரே இயந்திரம் வருவதற்குள் நுரையீரல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காரணத்தைக் காட்டிவிடக்கூடும்.

ஜெல்லை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி வையுங்கள். வெளியே எவ்வளவு வெயில் எரித்தாலும், ஏசி அறையில் ஒரு கிலோ எடையுள்ள உடல் வெகுவிரைவில் குளிர்ந்துவிடும். கிருமிநீக்கிய, 10 மெகாஹேர்ட்ஸுக்குக் குறையாத நேர்கோட்டுப் புரோப்பை (உடலில் வைக்கும் ஸ்கேன் கருவி முனையை) விலா எலும்புகளுக்குக் குறுக்காக வைத்தால், இரு எலும்பு நிழல்களுக்கு நடுவே வெண்கோடாகத் தெரிவது நுரையீரல் உறை.

அந்தக் கோடு மூச்சுடன் வழுக்கி அசைகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அசைந்தால் அவ்விடத்தில் காற்றுக் கசிவு, அதாவது நுரையீரலுக்கு வெளியே நெஞ்சறையில் காற்றுத் தேங்குவது, இல்லை. அசையாவிட்டால், காற்றை வெளியேற்ற உடனே ஊசி குத்திவிடக் கூடாது: சுவாசக் குழாய் வலப்பக்கம் ஆழமாக இறங்கியிருந்தாலும் இடது நுரையீரல் அசையாது. ஆனால் அப்போது கோடு இதயத் துடிப்புக்கு ஏற்பத் துடிக்கும். காற்றுக் கசிவில் அந்தத் துடிப்பு இராது. கரடுமுரடான பாதையில் வந்த குழந்தைக்கு இந்த வேறுபாடே பெரிதென்பது என் கருத்து. எனினும் இதயத் துடிப்பு சரிந்து, ஒரு பக்கம் காற்று அழுத்தி நிற்பது கண்ணுக்கே தெரியும் குழந்தைக்கு ஸ்கேனுக்காகக் காத்திருக்கலாகாது.

கோட்டிலிருந்து கீழிறங்கும் செங்குத்துக் கதிர்கள் நுரையீரலில் திரவம் மிகுந்திருப்பதைக் காட்டும். உறை தடித்து, இருபுறமும் இடைவெளியின்றி வெளுத்திருந்தால் சர்பக்டன்ட் (நுரையீரலின் காற்றறைகள் சுருங்கிவிடாமல் காக்கும் பொருள்) குறைபாட்டை நினைக்க வேண்டும். கீழ்ப்பகுதி வெளுத்து மேற்பகுதி தெளிவாக இருந்தால், பிறந்தவுடன் வடியாத நுரையீரல் நீரே பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு பக்கமும் மேல்முன், கீழ்முன், பக்கவாட்டு என மூன்று இடங்களுக்கு, பாதிப்பு கூடக்கூட 0 முதல் 3 வரை புள்ளியிட்டு, 18க்குக் கூட்டுவது வழக்கம். கூட்டுத்தொகை உயர்வதை ஒட்சிசன் தேவையோடு சேர்த்து வாசித்தால், சர்பக்டன்ட் மருந்தாகக் கொடுக்கும் முடிவைத் தாமதமின்றி எடுக்கலாம்.

உறையைத் தொடாத ஆழமான பாதிப்பு ஸ்கேனில் தெரியாது. குழாய்முனையின் இடத்தை உறுதிப்படுத்தவும் எக்ஸ்ரே தேவைப்படலாம். பார்த்த நேரத்தையும் குழந்தை பெற்ற ஒட்சிசன் சதவீதத்தையும் படத்துடன் குறித்து வையுங்கள். இரவுப் பணிக்கு வருபவர் ஒப்பிட அதுவே ஆதாரம்.