ரேஸ் பெண் குதிரைக்குப் பொலிகுதிரை தேடும்போது டெல்டாவில் நடக்கிற தவறுகள்

சென்னையிலும் பெங்களூரிலும் ஓடி முடித்த தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) பெண் குதிரைகள் தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் வந்து சேர்வது புதிதல்ல. பந்தய வாழ்க்கை பெரும்பாலும் ஐந்தாறு வயதில் முடிந்துவிடுகிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை இருபத்தைந்து வயது வரை இருக்கும். வாங்கியவர் ஒரு வருடம் ஏறிப் பார்ப்பார், அப்புறம் “ஒரு குட்டி எடுத்துடலாமே” என்று தோன்றும். பக்கத்து ஊரில் தெரிந்தவரிடம் பொலிகுதிரையாக விட ஒரு ஆண் குதிரை இருக்கும். அவர் காசும் அதிகம் கேட்கமாட்டார். சரி என்று கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். பதினோரு மாதம் கழித்துக் குட்டி எழுந்து நின்ற பிறகுதான் இதை வைத்து என்ன செய்வது என்ற யோசனையே வருகிறது.

அந்த யோசனை முதலில் வரவேண்டும். குட்டி பந்தய மைதானத்தில் ஓட வேண்டும் என்றால் வழி ஒன்றுதான். தாயும் தகப்பனும், தரோபிரெட் வம்சப் பதிவேட்டை வைத்திருக்கும் புனேயில் உள்ள ஸ்டட் புக் அத்தாரிட்டி ஆஃப் இந்தியாவில் பதிவான தரோபிரெட்களாக இருக்க வேண்டும், நேரடியாகச் சேர்ந்திருக்க வேண்டும், குட்டியின் டிஎன்ஏ இருவருடனும் ஒத்துப்போக வேண்டும். மாட்டுக்குப் போடுகிற மாதிரி சினை ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இங்கே நிறையப் பேர். செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைத் தரோபிரெட் பதிவேடுகள் ஏற்பதில்லை. இன்னொன்று, டெல்டாவுக்கு வருகிற பல குதிரைகளோடு அவற்றின் அடையாளத்தைச் சொல்லும் பாஸ்போர்ட் புத்தகம் வருவதில்லை. காகிதம் இல்லாத தாய்க்காகப் பதிவுள்ள தகப்பனைத் தேடிக் கர்நாடகத்துக்கும் புனேக்கும் வண்டி ஏற்றுவது வீண் செலவு. பதிவு வேண்டும் என்பவர், குதிரையை வாங்கும் அன்றே அந்தப் புத்தகத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

ஊர்ப் பந்தயத்துக்கோ சவாரிக்கோ கோயில் விசேஷத்துக்கோ என்றால் காகிதக் கவலை இல்லை, ஆனால் கணக்கு வேறு. திருவிழாக்களில் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்தில் பெரிய குதிரை, நடுக்குதிரை, சின்னக் குதிரை என்று பிரித்து ஓட விடுகிறார்கள். தோள் மேட்டில் அளந்தால் ஐந்தடிக்கு மேல் நிற்கிற ரேஸ் குதிரையை மட்டக் குதிரையோடு சேர்த்தால், குட்டி நடுக்குதிரைக்குப் பெரிசாகவும் பெரிய குதிரைக்குச் சிறிசாகவும் வந்து நிற்கும். ராஜஸ்தான், குஜராத் இனங்களான மார்வாரி, கத்தியவாரி ஆண் குதிரைகளோடு சேர்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன். சவாரிக்கு நல்ல குட்டிகள் கிடைக்கும். அந்தக் குட்டி தரோபிரெட்டும் ஆகாது, மார்வாரியும் ஆகாது. விற்கும்போது அதைச் சொல்லி விற்பதுதான் முறை.

அடுத்தது பெயரைப் பார்த்து மயங்குவது. “டெர்பி பந்தயம் ஜெயித்த குதிரைக்குத் தம்பி சார் இது” என்று தரகர் சொல்வார். ஒரே தாய் வயிற்றுத் தம்பியா, ஒரே தகப்பனுக்குப் பிறந்ததா என்று கேளுங்கள். ஒரு பொலிகுதிரைக்கு ஆயுளில் நூற்றுக்கணக்கில் குட்டிகள் பிறக்கும். தகப்பன் வழித் தம்பி என்பதால் பெரிய பெருமை ஒன்றும் இல்லை, குதிரை உலகத்தில் அதை உடன்பிறப்பு என்று எண்ணுவதும் இல்லை. ஜெயித்த குதிரையே வந்து நின்றாலும் அதன் குட்டியும் ஜெயிக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. 1973-இல் அமெரிக்காவின் பெல்மாண்ட் பந்தயத்தை 31 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்த செக்ரட்டேரியட், தன்னைப் போல ஒரு மகனைத் தரவில்லை. அதன் மகள்கள்தான் ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி போன்ற பெரிய பொலிகுதிரைகளைப் பெற்றுத் தந்தார்கள். நம் நாட்டில் இதற்கு நேர் எதிரான கதை ரசீன். 1990-இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் எல்லோரும் பணம் கட்டிய குதிரை, அன்று ஏமாற்றிவிட்டது. இந்தியாவுக்கு வந்து உஷா ஸ்டட் பண்ணையில் நின்ற பிறகு அதன் குட்டிகள் அள்ளிய வெற்றிகளைப் பந்தயக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஆகவே ஆண் குதிரையின் கோப்பைகளை விட, அதற்கு ஏற்கனவே பிறந்த குட்டிகளைப் போய்ப் பாருங்கள். உங்கள் பெண் குதிரை மாதிரி உடம்புள்ள தாய்க்குப் பிறந்த குட்டி ஒன்று கண்ணில் பட்டால், அதை நின்று நிதானமாகப் பாருங்கள்.

நிறமும் சுழியும் பற்றி இரண்டு வார்த்தை. தஞ்சாவூர் சரசுவதி மகாலில் குதிரை இலக்கணம் சொல்லும் சித்திரச் சுவடி இருக்கிறது. சுழி பார்ப்பது இந்த மண்ணின் பழைய வழக்கம், அதைக் கேலி செய்யத் தேவையில்லை. சுழி சரியில்லை என்றால் சந்தையில் விலை குறையும் என்பதும் உண்மை. ஆனால் கால் வலுவையோ மூச்சையோ சுழி சொல்லாது. சுழி சுத்தமாக இருக்கிறது என்பதற்காக வளைந்த முழங்காலை மன்னிக்காதீர்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளைக் குட்டி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: வயதாக ஆக வெளுக்கிற சாம்பல் வகைக் குட்டி பிறக்க, பெற்றோரில் ஒன்றாவது சாம்பலாக இருந்தே ஆக வேண்டும். அதுவும் பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்து, பல வருடம் கழித்துத்தான் வெளுக்கும். பதினைந்து வயதைத் தாண்டிய சாம்பல் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாலடியில் கறுப்புக் கட்டிகள் வருகின்றன.

இனி உடம்பு. உங்கள் பெண் குதிரையிடம் எது குறைவோ, அது நிறைவாக உள்ள ஆண் குதிரைதான் உங்களுக்குத் தேவை. அதனால் முதலில் உங்கள் குதிரையை வேற்றாள் மாதிரி பார்க்க வேண்டும். அது ஏன் பந்தயத்தை விட்டது? ஓடி முடித்ததும் மூக்கில் ரத்தம் வந்ததா? வேகம் எடுக்கும்போது தொண்டையில் இரைச்சல் கேட்டதா? முன்னங்கால் தசைநாண் வீங்கியதா? இவற்றில் சிலவற்றுக்குப் பரம்பரைச் சாய்வு உண்டு. அதே குறை ஆண் பக்கமும் இருந்தால் குட்டிக்கு இரு பக்கமும் அடி.

ஆண் குதிரையைப் பார்க்கப் போனால், லாயத்துக்குள் நிற்க வைத்துக் காட்டுவார்கள். வைக்கோல் பரப்பிய தரையில் குளம்பு புதைந்திருக்கும், எல்லாக் காலும் அழகாகத்தான் தெரியும். வெளியே சிமெண்ட் களத்துக்கோ தார் ரோட்டுக்கோ கொண்டுவரச் சொல்லுங்கள். நேரே உங்களை நோக்கி நடத்தி வரச் சொல்லி, அப்படியே தாண்டிப் போகச் சொல்லுங்கள். முன்னங்கால் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வீசி விழுகிறதா என்பது முன்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். பக்கவாட்டில் நின்று முழங்காலைப் பாருங்கள். பின்பக்கம் குழிந்தது போல இருந்தால், வேகம் எடுக்கும்போது முழு பாரமும் அந்த மூட்டில் இறங்கும். லாடம் கழற்றியிருந்தால் இன்னும் நல்லது, தேய்ந்த பக்கம் உண்மையைச் சொல்லிவிடும். குதிரைக்காரர் பின்னால் சாட்டையோடு ஒருவர் நிற்காமல் கடிவாளத்தைப் பிடிக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். முரட்டுக் குணம் குட்டிக்கும் வரக்கூடியது, சவாரிக்கு வளர்ப்பவருக்கு அது வேகத்தை விடப் பெரிய விஷயம்.

குறையை எதிர்க்குறையால் சரி செய்யலாம் என்று நினைப்பதும் தவறு. கணுக்காலுக்குக் கீழே தளர்ந்து சாய்ந்த பெண் குதிரைக்கு, விறைத்து நிமிர்ந்த காலுள்ள ஆண் குதிரையைச் சேர்த்தால் நடுவாந்திரமாக ஒன்று வரும் என்று உத்தரவாதம் இல்லை. ஒரு குட்டி இப்படி, இன்னொன்று அப்படி என்றும் வரலாம். சரியான காலுள்ளதையே தேட வேண்டும். உயரமான ஆண் குதிரை என்றால் குட்டி பெரிசாகிப் பிரசவத்தில் சிக்கும் என்ற பயம் மட்டும் தேவையில்லை. 1938-இல் இங்கிலாந்தில் ராட்சத ஷயர் குதிரையையும் குட்டை ஷெட்லண்டையும் இரு வழியிலும் சேர்த்துப் பார்த்தார்கள். பிறக்கும்போது குட்டியின் அளவைத் தாயின் கர்ப்பப்பைதான் தீர்மானித்தது.

கால் பற்றிப் பேசும்போது ஒரு பழைய கதை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த மார்கோ போலோ, இங்கே உயர்ந்த ஆணையும் உயர்ந்த பெண்ணையும் சேர்த்தாலும் கால் கோணிய, ஏறவே உதவாத குட்டிதான் பிறக்கிறது என்று எழுதினார். குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போடுகிறார்கள் என்றும் அவரே எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால் பழி பொலிகுதிரை மேல் மட்டும் போகாது. நாம் சோறு போடுவதில்லை, தவிடு போடுகிறோம். அரிசித் தவிட்டில் கால்சியத்தை விடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. குதிரைக்கு கால்சியம் பாஸ்பரஸுக்குக் குறையவே கூடாது. அதோடு பச்சைக்கு கோ-4 கம்பு நேப்பியர் தீவனப்புல் மட்டும் வெட்டிப் போட்டால், அதிலுள்ள ஆக்சலேட் இருக்கிற கால்சியத்தையும் கட்டிப் போட்டுவிடும். சினைக் குதிரைக்குக் கடைசி மூன்று மாதம் இப்படிப் போனால், எந்த ஊர்ப் பொலிகுதிரையைப் பிடித்தாலும் குட்டியின் எலும்பு சொன்னபடி கேட்காது. தவிட்டைக் குறைத்து, வேலிமசாலும் அருகம்புல்லும் சேர்த்து, தாது உப்பும் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் கால் கோணினால் ஆண் குதிரையை மாற்றலாம்.

சொந்தத்துக்குள் சேர்ப்பது பற்றி: பதிவுள்ள தரோபிரெட்களின் வம்சத்தில் நார்தர்ன் டான்சர் என்ற புகழ்பெற்ற பொலிகுதிரை எங்கேயாவது வந்தே தீரும் (ரசீனும் அதன் மகன்தான்). அது நாலாவது ஐந்தாவது தலைமுறையில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஊர்ப் பக்க ஆபத்து வேறு. சுற்று வட்டாரத்தில் ஒரே ஆண் குதிரை இருக்கும், அதற்குப் பிறந்த பெண்ணையே மூன்று வருடம் கழித்து அதனிடமே கொண்டுபோவார்கள். அப்பாவும் மகளும் சேர்ந்தால் குட்டியின் உள்ளினச் சேர்க்கை அளவு 25 சதவீதம், அதாவது மரபணு ஜோடிகளில் கால்வாசியில் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கலாம். யாருக்கு எது பிறந்தது என்று நோட்டில் எழுதி வைத்தாலே இது நடக்காது.

ஆண் குதிரையின் உடல்நிலையைப் பலர் கேட்பதே இல்லை. இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். போன பருவத்தில் எத்தனை பெண் குதிரைகளைச் சேர்த்தது, எத்தனை சினை பிடித்தது என்று கேளுங்கள். சமீபத்தில் கடும் காய்ச்சல் வந்து தேறிய குதிரை என்றால் இரண்டு மாதம் பொறுங்கள், அதுவரை விந்தின் தரம் குறைந்திருக்கலாம். கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய், குதிரைத் தொற்று இரத்தசோகை இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை இரு பக்கமும் வேண்டும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், ஆகவே இதில் நட்பு பார்க்க முடியாது. கடி ஈ அதிகமுள்ள நம் பகுதியில், அந்த ஈ பரப்பும் சர்ரா நோயையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

பெண் பக்கமும் ஒன்று உண்டு. ரேஸில் ஓடிய பெண் குதிரைகள் பலவற்றுக்குக் காற்று உள்ளே இழுக்காமல் இருக்க, பிறப்புறுப்பின் மேல்பாதியைத் தைத்து மூடியிருப்பார்கள். வாங்கியவருக்கு அது தெரியாது. சேர்க்கும் முன் மருத்துவர் பார்த்துப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காவிட்டால் கிழிந்து புண்ணாகும். சினை பிடித்த பிறகு மறுபடி தைத்திருந்தால், குட்டி போடுவதற்குச் சில வாரம் முன்பே திறக்க வேண்டும்.

காலம் பார்க்காமல் சேர்ப்பது டெல்டாவுக்கே உரிய தவறு. குளிர் நாடுகளில் பகல் நீண்டால்தான் பெண் குதிரை பருவத்துக்கு வரும். தஞ்சாவூரில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான், அதனால் இங்கே ஏறக்குறைய எந்த மாதமும் பருவத்துக்கு வரலாம். வருகிறது என்று கார்த்திகை, மார்கழியில் சேர்த்தால், குட்டி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சேற்றில் விழும். மாசி, பங்குனியில் சேர்த்தால் தை, மாசியில் குட்டி போடும், தரை காய்ந்திருக்கும். சம்பா அறுத்த வயலில் ஓடி விளையாடட்டும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள், அங்கே அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்திருப்பார்கள். மேட்டில் ஒரு திடல் ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக, பேச்சு. சேர்த்ததற்குக் காசா, சினை பிடித்தால் காசா, குட்டி எழுந்து நின்று பால் குடித்தால்தான் காசா என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் மறுபடி விட அனுமதி உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் சுமார் 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வரும். 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். தரோபிரெட்டில் இரட்டைக் கரு அடிக்கடி உருவாகும், இரண்டும் தங்கினால் பெரும்பாலும் பாதியில் கலைந்துவிடும். அந்த நாட்களில்தான் மருத்துவர் ஒன்றை நீக்கி மற்றதைக் காப்பாற்ற முடியும். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரைக்கு ஸ்கேன் பார்த்துப் பழகிய மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, சேர்க்கும் தேதியைக் குறியுங்கள்.