ஊருக்குப் போகும்போது லேசிக் செய்துகொள்வதாக இருந்தால்

சென்னையிலோ மதுரையிலோ லேசிக் (கண்ணின் பவரைச் சரிசெய்யக் கருவிழியை லேசரால் செதுக்கும் சிகிச்சை) செய்துகொண்டு கண்ணாடி இல்லாமல் திரும்பலாம் என்று டிக்கெட் போடுகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி: இது நிரந்தரமா?

லேசர் செதுக்கி எடுத்த கருவிழித் திசு மறுபடி வளராது. அந்த அளவில் நிரந்தரம்தான். ஆனால் கருவிழிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகிக்கொண்டே போகும். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து, பிற்பாடு கண்புரை. லேசிக் இவற்றைத் தடுக்காது. மைனஸ் பவர்க்காரர்கள் இன்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்கிறார்களே, அந்த வசதியும் போய்விடும். 45 வயதில் செய்துகொண்டால் தூரத்துக்குப் போட்ட கண்ணாடி போய், படிக்க ஒரு கண்ணாடி வந்து சேரும். இதை முன்பே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

பவர் மிக அதிகமாக இருந்தவர்களுக்குச் சில ஆண்டுகளில் கொஞ்சம் திரும்பி வரலாம். பவர் ஓராண்டாவது மாறாமல் நின்றிருக்க வேண்டும் என்பதால் பழைய கண்ணாடிச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடுவதே சரி. கருவிழி மெலிவு, அது கூம்பு போலப் புடைக்கும் அறிகுறி என்று சொல்லி ஒரு மருத்துவர் மறுத்தால், செய்து தருகிற இடம் தேடி அலையாதீர்கள். அவர் உங்கள் கண்ணைக் காப்பாற்றுகிறார்.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் பரிசோதனைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். கடின லென்ஸ் என்றால் இன்னும் முன்பே. ஆகவே விமானத்திலேயே கண்ணாடியோடுதான் ஏறுவீர்கள். சிகிச்சையை விடுமுறையின் முதல் வாரத்தில் வையுங்கள். மறுநாள் பரிசோதனை, ஒரு வாரத்தில் இன்னொன்று, இரண்டும் அதே மருத்துவரிடம் முடியட்டும். கண் வறட்சி சில மாதம் இருக்கும். விமானக் காற்று அதைக் கூட்டும், சொட்டு மருந்து கைப்பையில் இருக்கட்டும். கண்ணைக் கசக்கவே கூடாது. ஊரில் அதற்குத்தான் ஆயிரம் காரணம்: பைக்கில் தூசி, கல்யாண வீட்டு ஹோமப் புகை, சீயக்காய். எண்ணெய்க் குளியலும் குளத்தில் இறங்குவதும் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான். பி.ஆர்.கே. (கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டு லேசர் செய்யும் வேறொரு முறை) என்றால் பார்வை தெளிய வாரக்கணக்காகும், ஸ்டீராய்டு சொட்டு நீளும். திரும்பிய இடத்தில் பார்க்க ஒரு கண் மருத்துவரை ஏற்பாடு செய்யாமல் அதில் இறங்காதீர்கள்.

கிளம்புமுன் சிகிச்சை விவரக் குறிப்பை வாங்குங்கள்: சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, தடிமன், எடுத்த திசுவின் அளவு. பின்னாளில் புரை எடுத்து லென்ஸ் வைக்கும்போது கணக்குப் போட இவை உதவும். கருவிழி மெலிந்த கண்ணில் அளக்கும்போது கண் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். வீட்டில் யாருக்காவது கிளாகோமா (கண் அழுத்த நோய்) இருந்தால், எந்த நாட்டு மருத்துவரிடம் போனாலும் லேசிக் செய்ததை முதலில் சொல்லிவிடுங்கள்.