ஏரிச் சங்கத்துக்கு நோக்கம் எழுதுவது எப்படி?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கம் தொடங்கக் குறைந்தது 7 பேர் வேண்டும். அந்த ஏழு பேரிடமும் தாளைக் கொடுத்து, "யாருக்காக, என்ன செய்யப்போகிறோம்?" என்று ஆளுக்கொரு வரி எழுதச் சொல்லுங்கள். முதலில் பேசிவிட்டால் எல்லாரும் தலைவர் சொன்னதையே எழுதுவார்கள்.

"சமூக மேம்பாடு" என்று வந்தால் அடித்துவிடுங்கள். "ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்கால்வாயைத் தூர்வாருவது" என்பதுதான் நோக்கம். தொலைநோக்கு: ஐந்தாண்டில் கடைமடை வயலுக்கும் தண்ணீர்.

கொள்கை மூன்று போதும். ஒவ்வொன்றும் எதையாவது மறுக்க வேண்டும். "நேர்மை" என்று எழுதினால் யாரையும் கட்டுப்படுத்தாது. "ரசீது போடாமல் ஒரு ரூபாயும் வாங்க மாட்டோம்" என்றால் பொருளாளரின் கை தானாக ரசீதுப் புத்தகத்தைத் தேடும்.

பதிவு ஆவணத்தில் மட்டும் நோக்கத்தைச் சற்று விரித்தே எழுதுங்கள். பின்னால் மாற்ற நினைத்தால் சிறப்புத் தீர்மானம், பதிவாளர் அலுவலகம் என்று அலைய வேண்டிவரும்.